ரூ.10 லட்சத்தை ஒரே ஒரு ரூபா தாண்டினா ரூ.50 ஆயிரம் காலி! புது கார் பில்லில் என்னதான் இருக்கு?

'கார் விலை வெறும் ரூ.6 லட்சம்' என்று பேப்பரில் பெரிசாக விளம்பரம் வரும். ஆசை ஆசையாக ஷோரூமுக்குப் போனால், சேல்ஸ்மேன் கால்குலேட்டரை நாலு தட்டு தட்டிட்டு, "ஆன்ரோடு ஏழு லட்சத்தை தாண்டிரும் சார்" என்பார். நடுவில் அந்த ஒரு லட்சம் எங்கே போச்சு என்று கேட்டால், "அதெல்லாம் ரிஜிஸ்ட்ரேஷன் செலவு சார், கவர்ன்மென்ட்டுக்கு கட்டறது" என்று ஒரே வரியில் முடிச்சிருவார்.

நாமும் தலையை ஆட்டிட்டு கையெழுத்துப் போட்டு விடுகிறோம். காய்கறி கடையில் ரெண்டு ரூபாய்க்கு பேரம் பேசுகிற ஆளுங்க, இங்கே மட்டும் ஒரு லட்சத்தை கேள்வி கேக்காம கொடுத்துட்டு வர்றோம். அந்த ஒரு லட்சத்தில் அரசாங்கத்துக்குப் போறது எது, இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போறது எது, ஷோரூமிலேயே தங்கிடறது எது? பிரிச்சுப் பார்க்கலாம் வாங்க.

ரிஜிஸ்ட்ரேஷன் கட்டணம் ரூ.600தான்!

சொன்னா நம்ப மாட்டீங்க. சொந்த உபயோகத்துக்கான காரை பதிவு செய்ய, மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருக்கிற கட்டணம் வெறும் 600 ரூபாய். பைக், ஸ்கூட்டருக்கு 300 ரூபாய். வாடகைக்கு ஓட்டுகிற மஞ்சள் போர்டு காருக்கு ஆயிரம் ரூபாய். 2016-ம் ஆண்டு டிசம்பர் கடைசியில் உயர்த்திய கட்டணம் இது.

கடன் வாங்கி கார் எடுத்தால், ஆர்.சி. புக்கில் பேங்க் பேரை ஏத்துவாங்க. நம்ம ஊரு பாஷையில் 'எச்.பி. போடறது'. அதுக்கு காருக்கு 1,500 ரூபாய், பைக்குக்கு 500 ரூபாய். ஸ்மார்ட் கார்டுக்கு 200 ரூபாய். ஆக, கடனில் கார் எடுக்கிறவருக்கு இந்த மூணும் சேர்ந்தே 2,300 ரூபாய்தான் வருது. மாநில அரசு வசூலிக்கிற சாலை பாதுகாப்பு வரி என்று ஒண்ணு தனியாக உண்டு. அதுவும் ஒரே தடவைதான், ஆயிரங்களில் முடிஞ்சிரும்.

அப்ப ஒரு லட்சம் எங்கே? பெரிய பங்கை முழுங்கறது ஆயுட்கால வரி. எல்லாரும் சொல்ற 'லைப் டாக்ஸ்'.

2023-ல் ஏறியது எவ்வளவு?

தமிழ்நாட்டில் முன்பு லைப் டாக்சில் ரெண்டே படிதான். 10 லட்சம் வரை விலை உள்ள காருக்கு 10 சதவீதம். அதுக்கு மேலே போனால் 15 சதவீதம்.

2023 அக்டோபரில் சட்டசபையில் திருத்த மசோதா நிறைவேறியது. நவம்பர் 9-ந்தேதி முதல் புது வரி அமலுக்கு வந்தது. அதன்படி 5 லட்சம் ரூபாய் வரை உள்ள காருக்கு 12 சதவீதம். 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம். 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை 18 சதவீதம். அதுக்கும் மேலே 20 சதவீதம்.

6 லட்ச ரூபாய் காருக்கு முன்பு லைப் டாக்ஸ் 60 ஆயிரம். இப்ப 78 ஆயிரம். ஒரே அடியில் 18 ஆயிரம் கூடிப் போச்சு.

பைக்கையும் விட்டு வைக்கலை. முன்பு எல்லா பைக்குக்கும் 8 சதவீதம் என்று இருந்தது. இப்போது ஒரு லட்சம் வரை 10 சதவீதம், அதுக்கு மேலே 12 சதவீதம். டெலிவரி வேலைக்கு 95 ஆயிரத்துக்கு ஸ்கூட்டர் எடுக்கிற பையன், முன்பானால் 7,600 ரூபாய் கட்டியிருப்பான். இப்ப 9,500 கட்டறான். பெட்ரோலுக்கு பத்து நாள் ஓடுற காசு அது!

கோட்டைத் தொட்டா ஷாக்!

இப்ப தலைப்பில் சொன்ன விஷயத்துக்கு வருவோம். இந்தப் படிகளில் ஒரு பெரிய பள்ளம் இருக்கு.

வருமான வரியில், வரம்பைத் தாண்டினால் தாண்டுகிற பணத்துக்கு மட்டும்தான் கூடுதல் வரி. லைப் டாக்சில் அப்படி கிடையாது. கோட்டைத் தாண்டிட்டா, முதல் ரூபாயிலிருந்து முழு விலைக்கும் புது சதவீதம்.

கணக்கு போட்டுப் பாருங்க. கார் விலை சரியாக 10 லட்சம் என்றால் 13 சதவீதம். வரி ஒரு லட்சத்து 30 ஆயிரம். அதே கார் 10 லட்சத்து ஒரு ரூபாய் என்றால் 18 சதவீதம். வரி ஒரு லட்சத்து 80 ஆயிரம்!

ஒத்த ரூபா வித்தியாசத்துக்கு அரை லட்சம் அம்போ. வருமான வரி மாதிரி கணக்கு போட்டிருந்தா, அந்த ஒத்த ரூபாய்க்கு கூடுற வரி 18 காசு!

5 லட்சம் கோட்டில் அடி கம்மி. 5 லட்ச ரூபாய் காருக்கு 60 ஆயிரம் வரி. 5 லட்சத்து ஓராயிரம் என்றால் 65 ஆயிரத்து 130. பைக்கிலும் உண்டு. 99 ஆயிரம் ரூபாய் பைக்குக்கு 9,900 ரூபாய். ரெண்டாயிரம் கூடுதலாக ஒரு லட்சத்து ஓராயிரத்துக்கு வாங்கினால் 12,120 ரூபாய். வண்டி விலையில் கூடுனது 2 ஆயிரம், வரியில் கூடுனது 2,220. கொடுமையா இல்லையா?

நியாயமா சொன்னால், 10 லட்சத்தில் இந்தப் பள்ளம் 2023-ல் வெட்டியது இல்லை. பழைய சட்டத்திலும் 10-ல் இருந்து 15 என்று அஞ்சு சதவீதம் எகிறத்தான் செஞ்சுது. ஆனால் அந்தக் காலத்தில் 10 லட்ச ரூபாய் கார் என்றால் பணக்கார வீட்டுக் கார். இன்னிக்கு நடுத்தர குடும்பம் தவணையில் எடுக்கிற சின்ன எஸ்.யு.வி.யே அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிக்குது. சதவீதத்தை ஏத்தின அரசு, கோட்டை மட்டும் நகர்த்தவே இல்லை. அதுதான் இதில் இருக்கிற வில்லங்கம்.

பக்கத்து மாநிலங்களில் வரி இதைவிட கூடுதல் என்று காரணம் சொல்லப்பட்டது. கர்நாடகாவைப் பார்த்தால் அது உண்மைதான். அங்கே 10 லட்சத்துக்கு மேல் 17 சதவீதம், அந்த வரி மேல 11 சதவீதம் செஸ், மொத்தத்தில் ஏறக்குறைய 19 வந்துரும். ஆனால் டெல்லியில் 10 லட்சத்துக்கு மேல் உள்ள பெட்ரோல் காருக்கே 10 சதவீதம்தான். ஒப்பிடணும்னா ரெண்டு பக்கமும் ஒப்பிடணும் இல்லையா?

வரிக்கு மேல வரி

இன்னொரு கூத்து. லைப் டாக்ஸ் கணக்கு போடறது காரின் அசல் விலைக்கு இல்லை. ஜி.எஸ்.டி. சேர்த்த ஷோரூம் விலைக்கு. அதாவது மத்திய அரசுக்கு கட்டின வரிக்கும் சேர்த்து மாநில அரசுக்கு வரி கட்டறீங்க.

இதில் ஒரு நல்லதும் நடந்தது. 2025 செப்டம்பர் 22-ந்தேதி சின்ன கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 ஆக இறங்கியது. மேலே இருந்த செஸ்சும் போச்சு. சின்ன கார் என்றால் நீளம் 4 மீட்டருக்குள், பெட்ரோல் என்ஜின் 1200 சி.சி.க்குள், டீசல் 1500 சி.சி.க்குள் இருக்கணும். பெரிய கார்களுக்கு செஸ் இல்லாமல் 40 சதவீதம். 350 சி.சி. வரை உள்ள பைக்குகளுக்கும் 18 சதவீதம்தான்.

ஜி.எஸ்.டி. குறைஞ்சா ஷோரூம் விலை குறையும், அதனால் லைப் டாக்சும் தானாக குறையும். வரி இல்லாமல் 5 லட்சம் அடக்க விலை உள்ள ஒரு பெட்ரோல் காரை எடுத்துக்குவோம். முன்பு செஸ்சோடு 29 சதவீதம், ஷோரூம் விலை 6 லட்சத்து 45 ஆயிரம். இப்ப 5 லட்சத்து 90 ஆயிரம். லைப் டாக்ஸ் 83 ஆயிரத்து 850-ல் இருந்து 76 ஆயிரத்து 700-க்கு இறங்குது.

கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த காருக்கு அடிச்சுது பாருங்க யோகம்! அடக்க விலை 8 லட்சத்து 40 ஆயிரம் உள்ள சின்ன கார், முன்பு ஷோரூமில் 10 லட்சத்து 83 ஆயிரத்து 600. லைப் டாக்ஸ் 18 சதவீதம், ஒரு லட்சத்து 95 ஆயிரம். இப்ப அதே கார் 9 லட்சத்து 91 ஆயிரத்து 200. லைப் டாக்ஸ் 13 சதவீதம், ஒரு லட்சத்து 29 ஆயிரம்தான். விலையில் 92 ஆயிரமும், லைப் டாக்சில் 66 ஆயிரமும் மிச்சம். ஆனா கம்பெனிக்காரன் அடுத்த தடவை பத்தாயிரம் விலையை ஏத்தினால், வாங்குறவர் மறுபடியும் பள்ளத்தில்தான்.

அதனால் ஒரு யோசனை. 10 லட்சத்தை ஒட்டி பட்ஜெட் போடறவங்க, டாப் மாடலுக்கு ஆசைப்படும் முன்னாடி கீழ் மாடலின் ஆன்ரோடு விலையையும் எழுதி வாங்குங்க. சன்ரூப் ஒண்ணு கூடுதலாக வருது என்று 30 ஆயிரம் அதிகம் கொடுத்தால், வரியில் இன்னொரு 50 ஆயிரத்துக்கு மேல போயிரும். அந்தக் காசுக்கு நாலு டயரும் மாத்திட்டு மிச்சமும் வெச்சுக்கலாம்.

10 லட்சத்தில் இன்னொரு அடி, ஆனால் திரும்பி வரும்

அதே 10 லட்சத்தைத் தாண்டினால் டீலர் இன்னொரு ஒரு சதவீதம் பிடிப்பார். பில்லில் 'டி.சி.எஸ்.' என்று போட்டிருக்கும். 10 லட்சத்து ஓராயிரம் ரூபாய் காருக்கு 10 ஆயிரத்து 10 ரூபாய்.

இது கார் மேல போடுற வரியே இல்லை. உங்க வருமான வரிக் கணக்கில் முன்கூட்டியே பிடிச்சு வைக்கிற பணம். உங்க பான் நம்பரில் அது வரவாகும். வருஷக் கடைசியில் ரிட்டர்ன் தாக்கல் செய்தால் கழிச்சுக்கலாம், வரியே வராதவர் என்றால் திரும்பி வாங்கிக்கலாம். "நமக்கெல்லாம் எதுக்குய்யா ரிட்டர்ன்" என்று விட்டுட்டா அந்த பத்தாயிரத்துக்கு டாட்டா சொல்ல வேண்டியதுதான். பான் நம்பரை டீலர் தப்பில்லாமல் ஏத்தியிருக்காரா என்று அன்னிக்கே பார்த்துக்கங்க.

வரிக்கும் வட்டி

பேங்கில் ஆன்ரோடு விலைக்கே கடன் தர்றாங்க என்று சந்தோஷப்படறவங்க இதைக் கவனிக்கணும். 78 ஆயிரம் லைப் டாக்சையும் கடனில் சேர்த்து, 9 சதவீத வட்டிக்கு அஞ்சு வருஷம் கட்டினால், அந்த வரிக்கு மட்டும் மாசம் 1,619 ரூபாய் தவணை. முடியும்போது கட்டியிருப்பது சுமார் 97 ஆயிரம். கையில் ரொக்கம் இருந்தால் முதலில் வரிக்கு கட்டிட்டு, வண்டி விலைக்கு மட்டும் கடன் போடறது நல்லது.

ஷோரூமில் தங்குற காசு

இன்சூரன்ஸ் விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுறாங்க. சட்டப்படி கட்டாயம் என்பது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும். சுப்ரீம் கோர்ட்டு உத்தரவுப்படி 2018 செப்டம்பர் முதல், புது காருக்கு 3 வருஷத்துக்கும் பைக்குக்கு 5 வருஷத்துக்கும் சேர்த்து எடுக்கணும். 2022-ல் மத்திய அரசு அறிவித்த கட்டணப்படி, 1000 சி.சி.க்கு மிகாத காருக்கு 3 வருஷத்துக்கு 6,521 ரூபாய். அதுக்கு மேல் 1500 சி.சி. வரை 10,640 ரூபாய். அதையும் தாண்டினால் 24,596 ரூபாய். ஜி.எஸ்.டி. தனி.

இது எல்லா கம்பெனியிலும் ஒரே ரேட். வித்தியாசம் வர்றது சொந்த வண்டி சேதத்துக்கான பாலிசியிலும், அதன் மேல ஒட்டுற 'ஆட் ஆன்' சமாசாரங்களிலும்தான். கடன் கொடுக்கிற பேங்க் அந்த பாலிசியையும் கேட்கும், சரி. ஆனால் ஷோரூமில்தான் எடுக்கணும் என்று சட்டம் கிடையாது. வெளியே ரெண்டு இடத்தில் ரேட் விசாரிச்சுட்டு வந்து அந்த பேப்பரை மேஜையில் வெச்சாலே, ஷோரூம் ரேட் கீழே இறங்கி வரும்.

'ஹேண்ட்லிங் சார்ஜ்', 'லாஜிஸ்டிக்', 'ஆர்.டி.ஓ. எக்ஸ்பென்ஸ்' என்று பில்லில் இருந்தால் விரலை வெச்சு கேளுங்க. மோட்டார் வாகன விதிகளின் கட்டணப் பட்டியலில் இப்படி ஒரு பேரே கிடையாது. அதேபோல, 2019 ஏப்ரல் 1 முதல் தயாரான வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டை கம்பெனியே வண்டியோடு கொடுக்கணும். பாஸ்டேக் 2017 டிசம்பர் முதல் புது நாலு சக்கர வண்டிக்கு கட்டாயம். அதுக்கு கொடுக்கிற காசில் ஒரு பகுதி உங்க கணக்கிலேயே இருப்பாக நிக்கும்.

"வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு கொண்டு போய் காட்டணும், ஆளுக்கு கவனிக்கணும்" என்று தனியாக காசு கேட்டால் அசையாதீங்க. 2019-ல் திருத்திய மோட்டார் வாகன சட்டப்படி, டீலர் விற்கிற புது வண்டியை முதல் பதிவுக்கு ஆபீசில் கொண்டு போய் நிறுத்த வேண்டியதே இல்லை. விண்ணப்பம் போடறது டீலரின் வேலை. நம்பர் பிளேட் மாட்டாமல் வண்டியை உங்க கையில் கொடுக்கவும் கூடாது.

இத்தனையையும் சரிபார்க்க ஒரே வழி, அரசு ரசீது. பதிவு முடிஞ்சதும் மத்திய அரசின் 'பரிவாகன்' இணையதளத்தில் வரி எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று தலைப்பு தலைப்பாக ரசீது வந்துரும். ஷோரூம் பில்லில் 'ரிஜிஸ்ட்ரேஷன் 95 ஆயிரம்' என்று மொத்தமாக போட்டிருந்தால், அந்த ரசீதைக் கேட்டு வாங்கி பக்கத்தில் வெச்சுப் பாருங்க. ஆறு லட்ச ரூபாய் காருக்கு லைப் டாக்ஸ் 78 ஆயிரம்தானே?

மின்சார கார், பைக் எடுக்கிறவங்களுக்கு இதில் ஒரு சலுகை. 2021 ஆகஸ்டிலேயே பேட்டரி வண்டிகளுக்கு பதிவுக் கட்டணத்தை மத்திய அரசு தள்ளுபடி செய்துவிட்டது.

பழைய கார் வாங்குறவங்க கவனத்துக்கு!

நம்ம வாசகர்களில் பாதிப் பேர் செகண்ட் ஹேண்டு காரைத்தான் யோசிப்பீங்க. தமிழ்நாட்டு நம்பர் காரை தமிழ்நாட்டுக்குள்ளேயே வாங்கினால் லைப் டாக்ஸ் மறுபடியும் கிடையாது. முதல் ஓனர் கட்டினதோடு சரி. பேர் மாத்த கட்டணம் புது பதிவில் பாதி. காருக்கு 300, பைக்குக்கு 150 ரூபாய். வேண்டியது 29, 30-ம் நம்பர் பாரங்கள். கடன் பாக்கி முடிஞ்ச வண்டி என்றால் பேங்க் கையெழுத்துப் போட்ட 35-ம் நம்பர் பாரமும். புரோக்கர் ஆயிரக்கணக்கில் கேட்கிறது இந்த 300 ரூபாய்க்குத்தான்.

விற்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. "பேரை அவரே மாத்திக்குவாரு" என்று சாவியைக் கொடுத்துட்டு மறந்துடாதீங்க. ஆர்.சி.யில் யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், விபத்து நடந்தால் நஷ்ட ஈடு பொறுப்பும் அவருக்குத்தான் என்று 2018 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பே சொல்லிருச்சு. மிச்சம் பிடிச்ச 300 ரூபாய், லட்சக்கணக்கில் வந்து நிக்கும்.

வரியை மிச்சம் பிடிக்க வெளி மாநில நம்பர் காரை மலிவா வாங்கி ஓட்டலாம் என்கிற ஐடியாவும் வேலைக்கு ஆகாது. 12 மாசத்துக்கு மேல் இங்கேயே வெச்சிருந்தால் இங்கே நம்பர் மாத்தியே ஆகணும். அப்ப வண்டியின் வயசுக்கு ஏத்த மாதிரி லைப் டாக்ஸ் கட்டணும். அந்த மாநிலத்தில் இருந்து தடையில்லா சான்றும் வாங்கணும்.

வயசான வண்டி வாங்கும்போது ஆர்.சி.யில் முதல் பதிவு தேதியைப் பார்த்துட்டு பேரம் பேசுங்க. பதிவு 15 வருஷம் செல்லும். அதுக்கப்புறம் அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். முன்பு காருக்கு 600 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம், 2022 ஏப்ரல் முதல் 5 ஆயிரம் ஆச்சு. பைக்குக்கு ஆயிரம். 20 வருஷம் தாண்டின காருக்கு 10 ஆயிரம், பைக்குக்கு 2 ஆயிரம் என்று 2025 ஆகஸ்டில் மறுபடியும் ஏத்திட்டாங்க. மாநில அரசின் பசுமை வரி அதுக்கு மேல. புதுப்பிக்காமல் தள்ளிப் போட்டால், மாசத்துக்கு காருக்கு 500, பைக்குக்கு 300 ரூபாய் தாமதக் கட்டணம் ஏறிக்கிட்டே இருக்கும். அம்பதாயிரத்துக்கு ஒரு பழைய மாருதி கிடைக்குது என்று ஓடுறவங்க, பழைய ஓனர் எத்தனை மாசம் தள்ளிப் போட்டிருக்கார் என்று முதலில் எண்ணிப் பார்க்கணும்.